காபரேற்றரும் உட்செலுத்தலும்: திசைமாறிய ஒரு விவாதம்

தொழினுட்ப மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு புலம்பலையும் ஒரு துதிபாடலையும் உடன் அழைத்து வருகின்றது. பழையதை இழந்தோர் புலம்புவர். புதியதை விற்போர் துதிபாடுவர். இவ்விரு ஓசைகளுக்கும் இடையே, மாற்றத்தின் மெய்யான பயன் யாது, அதனால் எழும் மெய்யான கேடு யாது, அக்கேட்டுக்குப் பொறுப்பாளர் யாவர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. அனைத்துத்தரை வாகனங்கள் எனப்படும் சிறு வண்டிகளின் இயந்திரங்களில் காபரேற்றர் இருத்தல் வேண்டுமா, எரிபொருள் உட்செலுத்தல் முறை இருத்தல் வேண்டுமா என இருபது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் வாதம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்விவாதத்தைப் பொழுதுபோக்காளரின் சிறு சச்சரவு என ஒதுக்குவாருமுளர். இயந்திரவியல் அறிந்தோர் சிலரும், 'புதியது வென்றது, பழையது தோற்றது. இதில் ஆராய யாது உளது?' எனக் கூறி அமைவர். இவ்விரு திறத்தார் கூற்றும் ஏற்புடையதன்று. ஒரு சிறிய வண்டியின் எரிபொருட் பாதையை முன்னிட்டு எழுந்த இவ்வாதத்தின் அடியில், ஒருவன் விலைகொடுத்து வாங்கிய பொறியை அறிந்துகொள்ளவும் திருத்திக்கொள்ளவும் அவனுக்கு உரிமை உண்டா என்னும் பெருவினா மறைந்து கிடக்கின்றது. காபரேற்றரை ஆதரிப்போர் அவ்வினாவை உணர்ந்துள்ளனர். ஆயின் தவறான இடத்தில் அதற்கு விடை தேடுகின்றனர். உட்செலுத்தலை விற்போர் சரியான கருவியைப் போற்றுகின்றனர். ஆயின் அவ்வினா எழாதவாறு பார்த்துக்கொள்கின்றனர். இரு சாராரும் மறுக்கப்படவேண்டியவர்களே.

வண்டியின் வரலாறு

ஆங்கிலத்தில் ஏ.ரீ.வீ. என்றும், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 'குவாட் பைக்' என்றும் வழங்கும் இவ்வண்டி யப்பானிய உற்பத்தியாளரின் கைவண்ணமாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பனிக்காலத்தில் மோட்டார்ச் சைக்கிள்கள் விலைபோகாமையால், அக்காலத்திலும் விற்கத்தக்க ஒரு பொருளை அமெரிக்க விற்பனையாளர்கள் ஹொண்டா கம்பனியிடம் வேண்டினர். அவ்வேண்டுகோளின் விளைவாக 1970 இல் யூ.எஸ். 90 என்னும் முச்சில்லு வண்டி வெளிவந்தது. 89 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், ஏறத்தாழ 7 பரிவலுவும், காற்றமுக்கம் மிகக் குறைந்த பருத்த ரயர்களும் கொண்ட அவ்வண்டி சேற்றிலும் மணலிலும் பனியிலும் ஓடியது. 1982 இல் சுசுகி கம்பனி குவாட்ரன்னர் 125 என்னும் நாற்சில்லு வண்டியை வெளியிட்டது. கவிழ்ந்துவிடும் இயல்புடைய முச்சில்லு வண்டிகளின் விற்பனை 1988 இல் அமெரிக்க அரசுடன் உற்பத்தியாளர் செய்துகொண்ட உடன்பாட்டால் முடிவுற, நாற்சில்லு வண்டியே நிலைபெற்றது.

விளையாட்டுப் பொருளாகப் பிறந்த இவ்வண்டி விரைவிலேயே உழைப்பாளியின் கருவியாயிற்று. நியூசிலாந்தின் செம்மறிப் பண்ணைகளிலும், அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளிலும் குதிரை செய்த வேலையை இது செய்தது. வேலி பார்த்தல், மந்தை சாய்த்தல், தீவனம் சுமத்தல் என்பன இதன் அன்றாடப் பணிகள். அத்தகைய உழைப்பாளிக்கு வண்டி பழுதுறுவது வெறும் மனவருத்தமன்று. ஒருநாள் வேலை இழப்பாகும். இதனை மனங்கொண்டே பின்வரும் வாதங்களை எடைபோடல் வேண்டும்.

காபரேற்றரின் சிறப்பும் அதன் எல்லையும்

காபரேற்றர் ஓர் எளிய, அழகிய கருவி என்பதை மறுப்பதற்கில்லை. இயந்திரம் உறிஞ்சும் வளி ஒடுங்கிய குழாயொன்றினூடு செல்லும்போது அதன் வேகம் கூடுகின்றது, அமுக்கம் குறைகின்றது. பேணூலியின் தத்துவத்தின் வழி அமைந்த அவ்வமுக்கக் குறைவு, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து ஜெற் எனப்படும் நுண்துளையினூடு பெற்றோலை மேலிழுத்து வளியுடன் கலக்கின்றது. கிண்ணத்தில் எரிபொருளின் மட்டத்தை ஒரு மிதவை காத்து நிற்கின்றது. மின்சாரம் வேண்டுவதில்லை, கணினி வேண்டுவதில்லை. வளியே கட்டளையிடுகின்றது, வளியே நிறைவேற்றுகின்றது.

ஆயின் இவ்வழகு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. காபரேற்றர் வளியின் கனவளவை உணருமேயன்றி அதன் திணிவை உணரமாட்டாது. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிதற்கு நிறையளவில் 14.7 பங்கு வளி வேண்டும். கடல் மட்டத்தில் இவ்விகிதத்துக்கு அமையத் தெரிவு செய்யப்பட்ட ஜெற், மலையுச்சியில் அவ்விகிதத்தைப் பேணாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் யுவான் மலைத்தொடரில், ஏறத்தாழ 2,640 மீற்றர் உயரத்திலுள்ள லேக் சிற்றி என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 3,900 மீற்றர் உயரமான எஞ்சினியர் கணவாய்க்குச் செல்லும் பாதையில் இவ்வண்டிகள் ஏறுவதுண்டு. அக்கணவாயில் வளியின் அடர்த்தி கடல் மட்டத்திலுள்ளதன் மூன்றிலிரண்டு பங்கே ஆகும். காபரேற்றரிற் கலவை விகிதம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், கடல் மட்டத்தில் 14.7 ஆக இருந்த விகிதம் அங்கே ஏறத்தாழ 12 ஆகக் குறைகின்றது. வேறு வகையிற் கூறின், வேண்டியதனிலும் ஐந்திலொரு பங்கு பெற்றோல் மிகையாகச் செல்கின்றது. பிளக் கரிபிடிக்கின்றது, புகை கறுக்கின்றது, வலு குன்றுகின்றது. சிறிய ஜெற்றைப் பொருத்தி இதனைச் சீர்செய்யலாம் என்பர். உண்மையே. ஆனால் மலையிலிருந்து இறங்கியதும் அதே சிறிய ஜெற் பெற்றோலைப் போதாதாக்கி இயந்திரத்தை மிகை வெப்பத்துக்கு உள்ளாக்கும். ஒரே நாளில் ஏறியிறங்கும் வண்டிக்கு எத்தனை முறை காபரேற்றரைக் கழற்றுவது?

சரிவும் அவ்வாறே. மிதவை சமதரையை எதிர்பார்த்து அமைந்தது. பக்கச் சரிவில் வண்டி சாய்ந்து செல்லும்போது கிண்ணத்தின் மட்டம் மாறி, ஒருபுறம் பெற்றோல் வழிந்தோடவோ மறுபுறம் வற்றிப்போகவோ நேர்கின்றது. சரிவுகளில் ஓடுதற்கென்றே பிறந்த வண்டிக்குச் சரிவிற் தடுமாறும் உறுப்பு பொருத்தமானதன்று என்பதைக் கூற ஆராய்ச்சி வேண்டியதில்லை.

உட்செலுத்தல் செய்தது யாது?

எரிபொருள் உட்செலுத்தல் புத்தம்புதிய கண்டுபிடிப்பன்று. 1954 இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் அது இயந்திரப் பொறிமுறையாக அமைந்தது. 1967 இல் ஜேர்மனியின் பொஷ் கம்பனி ஆக்கிய மின்னணு முறை வொக்ஸ்வாகன் 1600 காரில் இடம்பெற்றது. 1980 இல் கவாசாகி கம்பனி அதனை மோட்டார்ச் சைக்கிளுக்குக் கொணர்ந்தது. அனைத்துத்தரை வாகனங்களை அது பரவலாக வந்தடைந்தது 2000 களின் நடுப்பகுதியிலேயாம். 2006 மாதிரியாக வந்த சுசுகி எல்.ரீ.ஆர். 450, 2007 மாதிரிகளாக வந்த ஹொண்டா ராஞ்சர் 420, யமஹா கிறிஸ்லி 700 என்பன குறிப்பிடத்தக்கவை.

இம்முறையில், தாங்கியினுள் அமைந்த மின்பம்பி பெற்றோலை வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ மும்மடங்கு அமுக்கத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்புகின்றது. இன்ஜெக்டர் ஒரு செக்கனின் ஆயிரத்திற் சில பங்கு நேரமே திறந்து மூடுகின்றது. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சிறு கணினியொன்று தீர்மானிக்கின்றது. சுழற்சி வேகம், திறொட்டிலின் நிலை, உள்வரும் வளியின் அமுக்கம், வெப்பநிலை ஆகியவற்றை உணரிகள் அதற்கு அறிவிக்கின்றன. மலை ஏறினால் வளியின் அமுக்கம் குறைந்ததை அது அறியும். விடியற்காலைக் குளிரில் இயந்திரம் உறைந்திருப்பதையும் அறியும். மிதவை இல்லாமையாற் பக்கச் சரிவு அதனை வருத்துவதில்லை. மாதக்கணக்கிற் பாவனையின்றி நிற்கும் வண்டியில், திறந்த கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிப் பிசினாக உறைந்து ஜெற்றை அடைக்கும் தொல்லையும் பெரிதும் நீங்குகின்றது.

இதன் குறைகளையும் மறைத்தலாகாது. ஒட்சிசன் உணரி பொருத்தப்படாத வண்டியில், கணினி எரிந்த வாயுவைச் சோதித்துத் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை. முன்னரே எழுதிவைக்கப்பட்ட அட்டவணையையே பின்பற்றுகின்றது. புகைக்குழாயை மாற்றினால் அவ்வட்டவணை பொய்த்துவிடும். பழுதுற்ற பம்பி சிறுகச் சிறுக முனகி எச்சரிக்காது, திடீரென ஓய்ந்துவிடவும் கூடும். எனினும், நன்மை தீமைகளைத் தராசில் இட்டு நோக்கின், மலையிலும் குளிரிலும் சரிவிலும் உழைக்கும் வண்டிக்கு உட்செலுத்தலே சிறந்ததென்பது தெளிவு. பௌதிகவியலின் தீர்ப்பு அது. பழைமைப் பற்று அத்தீர்ப்பை மாற்றாது.

மூன்று மறுப்புகள்

காபரேற்றரின் காவலர்கள் வழமையாக மூன்று வாதங்களை முன்வைப்பர். அவை ஒவ்வொன்றாக நோக்கற்பாலன.

முதலாவது, சட்டமே காபரேற்றரைக் கொன்றது என்பது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் 2002 இல் வகுத்த விதிகள் 2006, 2007 மாதிரியாண்டுகளிற் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. எரியாத ஐதரோகாபனும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சேர்ந்து கிலோமீற்றருக்கு 1.5 கிராமுக்கும், காபனோரொட்சைட்டு 35 கிராமுக்கும் மேற்படலாகாது என அவை கூறின. இவ்விதிகளால் இடமிழந்தது ஈரடிப்பு இயந்திரமே. யமஹாவின் பன்ஷீ என்னும் புகழ்பெற்ற ஈரடிப்பு வண்டி 2006 உடன் அமெரிக்கச் சந்தையிலிருந்து மறைந்தது. ஆனால் காபரேற்றர் பொருத்திய நான்கடிப்பு வண்டிகள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் விற்பனையாயின, ஹொண்டாவின் ரீ.ஆர்.எக்ஸ். 450 ஆர் 2014 வரை காபரேற்றருடனேயே வந்தது. எனவே, சட்டத்தின் மேற் பழிசுமத்துவோர் வரலாற்றைச் சரிவரப் படிக்காதோரே.

இரண்டாவது, பற்றரி இறந்தால் உட்செலுத்தும் வண்டியும் இறக்கும் என்பது. பல வண்டிகளைப் பொறுத்தவரை இது மெய். பம்பியும் கணினியும் மின்சாரமின்றி இயங்கா. ஆயின் இது உட்செலுத்தலின் இயல்பா, உற்பத்தியாளரின் தெரிவா? 2008 மாதிரியாக வந்த சுசுகி ஆர்.எம். இசட். 450 என்னும் பந்தய மோட்டார்ச் சைக்கிள் உட்செலுத்தல் கொண்டது, பற்றரி அற்றது. காலால் உதைக்கும் ஒரே உதையிற் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டே பம்பியும் கணினியும் விழித்தெழுந்தன. ஆகவே, பற்றரியின்றி உயிர்ப்பித்தல் முடியாத காரியமன்று. பண்ணை வண்டியில் அது வைக்கப்படவில்லையெனின், வைக்காதோரையே வினவுதல் வேண்டும்.

மூன்றாவது வாதமே வலிமை வாய்ந்தது. காட்டின் நடுவே காபரேற்றர் அடைத்துக்கொண்டால் ஒரு திருகாணிச் சாவியும் சிறிது பொறுமையும் போதும். உட்செலுத்தும் வண்டி நின்றுவிட்டால் முகவரின் கராஜுக்கு இழுத்துச் செல்வதே வழி என்பர். இவ்வாதத்தில் மிகை உண்டு. ஜெற்றின் துளை அரை மில்லிமீற்றரிலும் சிறியதாக இருத்தல் உண்டு. அதனைக் கம்பியாற் குத்திச் 'சுத்தம்' செய்த ஒவ்வொருவரும் அளவிட்டுத் துளைத்த துளையைச் சிதைத்தவராவர். தவிர, காபரேற்றர் காலத்திலும் பூட்டு இருந்தது. புகை விதிகளின் பொருட்டுக் கலவை சீர்செய்யும் திருகாணியின் மேற் பித்தளைத் தக்கையை அடித்து மூடியே வண்டிகள் அமெரிக்காவில் விற்கப்பட்டன. வாங்கியோர் துளைகருவியால் அத்தக்கையைத் துளைத்து அகற்றினர். இது சிறு செய்தியாயினும் பொருள் பொதிந்தது. பூட்டு காபரேற்றருக்கும் இருந்தது. ஆனால் அப்பூட்டைத் திறக்கும் கருவி எவர் வீட்டிலும் இருந்தது. மிகையை நீக்கியபின் எஞ்சும் இவ்வுண்மையே இவ்விவாதத்தின் கருவாகும்.

ஒரு வரலாற்றுச் சான்று

இவ்வுண்மையின் ஆழத்தை ஈழத்து வாசகருக்கு அமெரிக்க மலைகளைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீதிருந்த பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அந்நாள்களில் மோட்டார்ச் சைக்கிள்களும், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையாற் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயங்கச் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெயிற் செலுத்தினர். எந்த உற்பத்தியாளரின் கைந்நூலிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த முகவரின் அனுமதியும் பெறப்படவில்லை. நோயாளியை வைத்தியசாலைக்கும் நெல்லைச் சந்தைக்கும் கொண்டுசென்றது இவ்வறிவே.

காபரேற்றரின் காவலர் இச்சான்றைக் கண்டால் மகிழ்வர். 'உட்செலுத்தும் வண்டியில் இது கைகூடுமா?' என வினவுவர். அவசரப்பட்டு மகிழ்தல் வேண்டா. அன்று மக்களைக் காத்தது ஒடுங்கிய குழாயும் மிதவையும் அல்ல. பொறியின் உள்ளே நிகழ்வதைப் பார்க்கவும் தொடவும் மாற்றவும் இயன்றமையே ஆகும். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன; அவற்றின் உறுப்புகளை ஊர் மெக்கானிக்குகள் அறிந்திருந்தனர். கருவி திறந்திருந்தது, அறிவு பரவியிருந்தது.

மாறாக, பலவகை எரிபொருளை ஏற்கும் ஆற்றலில் உட்செலுத்தலே காபரேற்றரை விஞ்சியது என்பதற்கும் சான்று உண்டு. பிரேசில் நாட்டில் 2003 இல் வெளிவந்த வொக்ஸ்வாகன் கோல் என்னும் கார் பெற்றோலிலும், கரும்பிலிருந்து எடுக்கும் எதனோலிலும், இரண்டும் எவ்விகிதத்திற் கலந்த கலவையிலும் ஓடியது. எதனோலுக்கு ஏறத்தாழ 9 பங்கு வளியே வேண்டும். பெற்றோலுக்கு வேண்டுவது 14.7 பங்கு. காபரேற்றரில் இவ்வேறுபாட்டுக்கு ஜெற்றைக் கழற்றி மாற்றவேண்டும். பிரேசிலின் காரிலோ மென்பொருள் ஓட்டத்தின்போதே அளவை மாற்றிக்கொண்டது. அங்கே மென்பொருளை எழுதியோர் நாட்டின் தேவையை அறிந்து எழுதினர். ஆகவே, கணினி மனிதனுக்குப் பகையன்று. அக்கணினியின் வாயை யார் அடைத்துவைத்துள்ளனர் என்பதே வினா.

பூட்டின் இயல்பு

அமெரிக்காவில் 1996 மாதிரியாண்டு முதல் விற்கப்படும் கார்கள் யாவற்றிலும் ஒரே வடிவான சோதனை இணைப்பி இருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. எக்கம்பனியின் காராயினும், கடையில் வாங்கிய மலிவான வாசிப்பானைச் செருகிப் பழுதுக் குறியீட்டை எவரும் அறியலாம். 2012 இல் மசசூசெற்ஸ் மாநில வாக்காளர்கள் கார்த் திருத்தும் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தனர். 2014 இல் கார் உற்பத்தியாளர்கள் அதனை நாடு முழுவதற்கும் விரிக்கும் உடன்பாட்டுக்கு வந்தனர். கார்களில் உட்செலுத்தல் முறை பற்றிய புலம்பல் பெரிதும் ஓய்ந்தமைக்கு இத்திறப்பும் ஒரு காரணம் எனலாம்.

அனைத்துத்தரை வாகனங்களின் நிலை வேறு. கார்களுக்கு விதிக்கப்பட்ட பொது இணைப்பி இவற்றுக்கு விதிக்கப்படவில்லை. கம்பனிக்கு ஒரு செருகி, கம்பனிக்கு ஒரு மென்பொருள் என நிலைமை வளர்ந்தது. சில வண்டிகள் எச்சரிக்கை விளக்கின் சிமிட்டல்களாலோ முகப்புத் திரையிலோ குறியீட்டைக் காட்டுவன, அது பாராட்டத்தக்கது. ஆனால் உணரியின் அளவைப் பார்த்தல், புதிய உறுப்பைக் கணினிக்கு அறிமுகம் செய்தல், திறப்பைப் பதிவு செய்தல் முதலிய பணிகளுக்கு முகவருக்கென ஆக்கப்பட்ட மென்பொருளை நாடவேண்டிய நிலை பல வண்டிகளில் உண்டு.

சட்டம் இதனைத் தீர்த்ததா? 2022 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்திலும், 2023 இல் மினசோட்டா மாநிலத்திலும் மின்னணுப் பொருள்களைத் திருத்தும் உரிமைக்கான சட்டங்கள் நிறைவேறின. அவ்விரு சட்டங்களும் விலக்களித்த பொருள்களின் நீண்ட பட்டியலில் அனைத்துத்தரை வாகனங்களும் இடம்பெற்றன. கொலராடோ மாநிலம் 2023 இல் இயற்றி 2024 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய சட்டம் வேளாண் இயந்திரங்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. உழவு இயந்திரக்காரர் உரக்கப் பேசியமையால் சட்டம் செவிசாய்த்தது. குவாட் வண்டியில் மந்தை மேய்ப்பவரோ காபரேற்றர் நல்லதா கெட்டதா என வாதிட்டுக்கொண்டிருந்தார்.

இதனிலும் விந்தையானது பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை. 1998 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமொன்று மென்பொருட் பூட்டை உடைத்தலைத் தடைசெய்கின்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் விதிவிலக்குகளில், 2015 முதல் தரைவாகனங்களைத் திருத்துவதற்கு இடமளிக்கப்பட்டது. 2018 இல் உரிமையாளருக்கு உதவும் பிறருக்கும் அது விரிக்கப்பட்டது. ஆயின் பூட்டைத் திறக்கும் கருவியை ஆக்கி விற்பதற்கான தடை நீக்கப்படவில்லை. கதவைத் திறக்கலாம், திறப்பை எவரும் விற்றலாகாது என்பது எத்தகைய உரிமை? பித்தளைத் தக்கையைத் துளைக்கலாம், துளைகருவியை விற்றலாகாது என்று முன்னைய தலைமுறையிடம் கூறியிருந்தால் அது நகைத்திருக்கும்.

விற்போரின் வாதம்

குறியீடுகளைத் திறந்துவிட்டாற் பயனாளர் கலவையை மாற்றிப் புகை விதிகளை மீறுவர், ஆபத்துக்கு உள்ளாவர் என உற்பத்தியாளர் சார்பாகக் கூறப்படுகின்றது. இக்கூற்று இரு வேறு செயல்களை வேண்டுமென்றே ஒன்றாக்குகின்றது. பழுதை வாசித்தல் ஒன்று. அட்டவணையைத் திருத்தி எழுதுதல் வேறொன்று. நாடித்துடிப்பைப் பார்க்க அனுமதித்தால் நோயாளிக்கு நஞ்சு ஊட்டிவிடுவர் என்று அஞ்சுவார் உளரோ? புகை விதிகளை மீறுவோரைத் தண்டிக்கச் சட்டம் ஏலவே உண்டு. மேலும், வீதியில் நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு 1996 முதல் திறக்கப்பட்ட வாயில், மந்தையின் பின்னே ஊரும் வண்டிக்குத் திறக்கப்படின் ஆபத்து என்பது பொருந்தா வாதமாகும். பாதுகாப்பு என்னும் பெயரிற் பாதுகாக்கப்படுவது திருத்தற் பணியின் ஏகபோகமே.

'நன்கு பயிற்றப்பட்ட முகவர் இருக்கும்போது ஊர் மெக்கானிக் எதற்கு?' எனவும் வினவுவர். முகவர் அருகில் உள்ளோருக்கு இவ்வினா தகும். அண்மைய முகவர் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள பண்ணையாளருக்கு இது வினாவன்று, ஏளனம். தவிர, வண்டியின் ஆயுள் மாதிரியின் ஆயுளிலும் நீண்டது. விற்பனை நின்று பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், பழைய வண்டியின் மென்பொருளை முகவர் வைத்திருப்பார் என்பதற்கு யார் பிணை? காபரேற்றர் கொண்ட 1970 களின் வண்டிகளை இன்றும் கிண்டி ஓடச் செய்வோர் உளர். இன்றைய வண்டிகளைப் பற்றி ஐம்பது ஆண்டுகளின் பின் அவ்வாறு கூறமுடியுமா? முடியாவிடின், காரணம் இன்ஜெக்டர் தேய்ந்தமை அன்று, திறப்பு தொலைந்தமையே.

செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றால், காபரேற்றருக்குத் திரும்புக என்னும் குரல் தோல்வியின் குரல் என்பது புலனாகும். அக்குரல் எழுப்புவோர் தம்மையறியாது பூட்டியவர்க்கே துணைசெய்கின்றனர். இன்ஜெக்டரோடு மல்லுக்கட்டும் வரை அவர்கள் பூட்டைத் தேடப்போவதில்லை. அவர்களைப் பழைமைவாதிகள் எனக் காட்டி ஒதுக்குவதும் எளிது. கேட்கவேண்டியவை வேறு. எல்லாக் கம்பனிகளின் வண்டிகளுக்கும் ஒரே வடிவான சோதனை இணைப்பி வேண்டும். பழுதுக் குறியீடுகளும் உணரிகளின் அளவுகளும் வெளியிடப்படவேண்டும். உறுப்பை மாற்றிய பின் கணினிக்கு அதனை அறிமுகம் செய்யும் வழி உரிமையாளருக்குத் தரப்படவேண்டும். பற்றரி இறந்த இடத்திலும் உயிர்ப்பிக்கத்தக்க அமைப்பு, குறைந்தபட்சம் பண்ணை வேலைக்கென விற்கப்படும் வண்டிகளிலேனும் இருத்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் பொறியியலுக்கு அப்பாற்பட்டதன்று. முதலிரண்டும் கார்களில் ஏலவே நடைமுறையில் உள்ளன. நான்காவது பந்தய மோட்டார்ச் சைக்கிளிற் செய்துகாட்டப்பட்டது.

பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் மாணவருக்கும் இதிற் பங்குண்டு. காபரேற்றரின் தத்துவத்தை அறிந்து, உட்செலுத்தலின் சமன்பாடுகளைத் தீர்த்து, பரீட்சையிற் புள்ளி பெறுதலோடு அவர்தம் கடமை முடிவதில்லை. நாளை அவர்களுட் சிலரே இத்தகைய கணினிகளுக்கு மென்பொருள் எழுதுவோராவர். பூட்டை எழுதுவதும் ஒரு பொறியியலாளன். திறப்பை எழுதுவதும் ஒரு பொறியியலாளன். ஊர் மெக்கானிக்குக்கு விளங்கும் தமிழில் உணரிகளையும் குறியீடுகளையும் பற்றிக் கைந்நூல்கள் எழுதப்படின், அடுத்த தலைமுறையின் கையிலும் அறிவு தங்கும். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறை கற்றுத்தந்த பாடம் காபரேற்றரைப் போற்றுக என்பதன்று; பொறியை அறிந்தவன் கையறுநிலை எய்தான் என்பதே அப்பாடம்.

இன்ஜெக்டர் வரட்டும், அது நன்று. அதனோடு திறப்பும் வரவேண்டும். திறப்பில்லாத வண்டியை விலைகொடுத்து வாங்கியவன் அதன் உரிமையாளன் அல்லன், அவன் வாடகைக்காரனே.